தூக்குமரமும் திருச்சபையும்

1810ஆம் ஆண்டு மே மாதம் 30ஆந் திகதி இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையின் முன் ஒரு சிறு மசோதா வந்தது. கடையொன்றிலிருந்து ஐந்து ஷிலிங் பெறுமதியான பொருளைத் திருடியவனைத் தூக்கிலிடலாம் என்று அக்காலத்துச் சட்டம் விதித்திருந்தது. அத் தண்டனையை நீக்கி, நாடுகடத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே மசோதாவின் சாரம். கொலைகாரரை விட்டுவிடும்படி எவரும் கேட்கவில்லை. கலகக்காரரை மன்னிக்கும்படியும் கேட்கவில்லை. ஒரு துண்டுத் துணிக்காக ஓர் உயிரைப் பறிக்க வேண்டாம் என்று மட்டுமே கேட்கப்பட்டது. சபை அதனைத் தள்ளிவிட்டது. ஆதரித்தோர் 11 பேர். எதிர்த்தோர் 31 பேர். எதிர்த்தோருள் எழுவர் திருச்சபையின் தலைவர்கள்: கன்ரபெரிப் பேராயரும், ஆயர்கள் அறுவரும்.

மசோதாவின் தந்தையான சாமுவேல் றொமிலி இந்த எழுவரைப் பற்றித் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அரசாங்கத்தின் சொற்கேட்டே இவர்கள் வாக்களித்தார்கள் என்று நம்பத் தாம் விரும்புவதாக அவர் கூறுகிறார். தங்கள் சமயத்தின் கருணைப் போதனையை நினைவில் வைத்துக்கொண்டே, தாமாக எழுந்து வந்து இவ்வாறு வாக்களித்தார்கள் என்று எண்ணுவதை விட, அவர்களை அரசாங்கத்தின் ஏவலர் என்று எண்ணுவது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

இச் செய்தியைக் கேட்கும் முற்போக்கு வாசகர் பலர், சமயம் ஆளும் வர்க்கத்தின் கையாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று கேட்கக்கூடும். அக் கேள்வி நியாயமானதே. ஆயின் அது பாதி வரலாறு. அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1808இல், அதே இலண்டன் மாநகரில் மரண தண்டனை பற்றிய உண்மைகளை மக்களிடையே பரப்புவதற்கென ஒரு சங்கம் தோன்றியிருந்தது. அதனை முன்னின்று அமைத்தவர் மருந்து வணிகரான வில்லியம் அலன். அவரும் கிறிஸ்தவரே. ஆயர்கள் வாசித்த வேதாகமத்தையே அவரும் வாசித்தார். ஒரே நூலை வாசித்த இரு சாராருள் ஒரு சாரார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும், மறு சாரார் அதனை அறுக்க முயன்றதும் ஏன்? இதற்கு விடை காண முயல்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

உடைமையின் காவல்

1688ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஏறத்தாழ 50 ஆக இருந்தன. 1820ஆம் ஆண்டளவில் அவை 200க்கு மேற்பட்டுவிட்டன. இடைப்பட்ட காலத்தை இருண்ட காலமென்று எவரும் கூறார். விஞ்ஞானம் வளர்ந்த காலம் அது. நீராவி இயந்திரம் பிறந்த காலம். பகுத்தறிவின் பெயரால் நூல்கள் குவிந்த காலம். நாகரிகம் வளர வளரத் தண்டனையின் கொடுமை தானே குறையும் என்று நம்புவோர் இந்த எண்களை ஒரு முறை நோக்குதல் நன்று.

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் சொத்தாகிக்கொண்டிருந்தன. விறகு பொறுக்கியும் சிறு விலங்குகளை வேட்டையாடியும் வாழ்ந்த குடியானவன், தன் பாட்டன் செய்த அதே தொழிலைச் செய்தமைக்காகத் திருடன் ஆனான். 1723இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம் ஒன்றே, முகத்திற் கரி பூசிக்கொண்டு பிறர் காட்டில் மான் வேட்டையாடுவது முதல் மரங்களை வெட்டிச் சாய்ப்பது வரை, ஏறத்தாழ 50 செயல்களைத் தூக்குக்குரியவை ஆக்கியது. பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தோர் நிலவுடைமையாளர். அவர்களுக்கு அடுத்த ஆசனத்தில் இருந்தோர் வணிகர். ஒவ்வொரு புதிய உடைமைக்கும் ஒரு புதிய கயிறு திரிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்குத் தத்துவம் வகுத்துக் கொடுத்தவர் ஒரு குருவானவர். வில்லியம் பேலி 1785இல் வெளியிட்ட அறவியல் நூல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பாடநூலாக விளங்கியது. பல குற்றங்களுக்கு மரண தண்டனையை விதித்துவைத்து, அவற்றுட் சிலவற்றில் மட்டும் அதனை நிறைவேற்றுவதே சிறந்த முறை என்று அவர் வாதித்தார். அச்சம் எல்லோர் தலைமீதும் தொங்கும். கருணை காட்டும் உரிமை மேலோர் கையில் இருக்கும். தவறான தீர்ப்பினால் நிரபராதி ஒருவன் இறந்தால், அவனை நாட்டுக்காக உயிர் நீத்தவனாகக் கருதலாம் என்றும் அவர் எழுதினார். நாட்டுக்காக உயிர் நீக்கும் அப் பேறு ஏழைகளுக்கே பெரும்பாலும் வாய்த்தது.

நியூகேற் சிறையின் சிற்றாலயத்தில், தூக்குக்குரியவர்களைத் தனி அடைப்பில் இருத்தி, அவர்கள் கண்முன் ஒரு சவப்பெட்டியை வைத்துப் பிரசங்கம் செய்வது வழக்கமாயிருந்தது. சமயம் தூக்குமேடைக்கு எதிரே நிற்கவில்லை. அதன் முதற் படியாக இருந்தது.

சட்டத்தை மக்கள் மனமார ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. வீட்டிலிருந்து 40 ஷிலிங் திருடினால் மரணம் என்று சட்டம் கூறியபோது, யூரிமார் பலர் திருட்டுப் பொருளின் மதிப்பை 39 ஷிலிங் என்று தீர்மானித்தனர். இறைவன் பெயரால் ஆணையிட்ட பின், ஓர் உயிரைக் காக்கப் பொய் சொன்ன அம் மனிதர்கள் நம் மதிப்புக்குரியவர்கள்.

சிறையை அறிந்த சமயம்

குவேக்கர் என்று பிறரால் அழைக்கப்பட்ட நண்பர் சங்கத்தார் 17ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கிலப் புரட்சியின் கொந்தளிப்பிலே தோன்றியவர்கள். ஒவ்வொரு மனிதனுள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது அவர்களின் அடிப்படைக் கோட்பாடு. குருமார் இல்லை, சடங்கு இல்லை, கோபுரம் இல்லை. நீதிமன்றத்தில் ஆணையிட மாட்டார்கள்; திருச்சபைக்குத் தசமபாகம் செலுத்த மாட்டார்கள்; பிரபுவின் முன் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். இதன் விளைவாக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், 1659 முதல் 1661 வரையுள்ள காலத்தில், மேரி டயர் என்ற பெண் உட்பட நால்வரைத் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் தூக்கிலிட்டனர். பல்கலைக்கழகங்களின் கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1833 வரை ஒரு குவேக்கராவது பாராளுமன்றத்தில் அமர இயலவில்லை.

ஆகவே தண்டனை என்பது அவர்களுக்கு நூலில் வாசித்த பொருளன்று. சங்கத்தின் நிறுவனரான ஜோர்ஜ் பொக்ஸ் 1650, 1651ஆம் ஆண்டுகளில் டேர்பிச் சிறையில் இருந்தார். கால்நடைக்காகவும் பணத்துக்காகவும் மனிதரைக் கொல்லுதல் தகாது என்று அங்கிருந்தே நீதிபதிகளுக்கு எழுதினார். ஆயர் பிரபுக்கள் சபையின் ஆசனத்திலிருந்து தூக்குமரத்தைப் பார்த்தார். பொக்ஸ் சிறைக் கம்பிகளின் பின்னாலிருந்து பார்த்தார். கோட்பாட்டு வேறுபாட்டை விட இந்த இட வேறுபாடு பெரியது.

அக் குழுவில் நம் வாசகர் சிறப்பாக அறிய வேண்டியவர் ஜோன் பெல்லேர்ஸ் (1654 - 1725). துணி வணிகரான இவர் 1699இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில், குற்றவாளிகளைக் கொல்லலாகாது என்பதற்குக் காரணங்களை அடுக்கினார். எந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனை வேண்டாம் என்று ஐரோப்பாவில் முதன்முதல் வாதித்தவர்களுள் இவர் ஒருவர். இத்தாலியரான பெக்காரியாவின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1764இல். அதற்கு 65 ஆண்டுகள் முந்தியவர் பெல்லேர்ஸ். குற்றம் வறுமையிலும் வேலையின்மையிலும் பிறக்கிறது என்றும், உழைக்கவல்ல ஒருவனைத் தூக்கிலிடுவது நாட்டுக்குப் பொருளிழப்பு என்றும் அவர் கூறினார். ஏழைகளுக்குத் தொழிற் கூட்டகங்கள் அமைக்கும் அவரது திட்டத்தை 1818இல் றொபேட் ஓவன் மறுபதிப்புச் செய்தார். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் பெல்லேர்ஸை அரசியற் பொருளாதார வரலாற்றின் ஓர் அதிசயமாகவே போற்றுகிறார். மார்க்ஸ் தாமும் 1853இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் மரண தண்டனையைக் கண்டித்து எழுதினார். குற்றங்களை விளைவிக்கும் சமுதாய அமைப்பை மாற்றுவதைப் பற்றிச் சிந்தியாமல் தூக்குபவனைப் போற்றுவது என்ன நியாயம் என்பதே அவரது வினா. இறை நம்பிக்கையுடைய துணி வணிகரும், இறை மறுப்பாளரான புரட்சியாளரும் இவ்விடத்தில் ஒரே வினாவில் வந்து நிற்கின்றனர்.

ஆயினும் குவேக்கரை மாசற்றவர்களாக வருணிப்பது வரலாறாகாது. வில்லியம் பென் 1682இல் பென்சில்வேனியாவில் வகுத்த சட்டம், திட்டமிட்ட கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் மட்டுமே மரண தண்டனையை வைத்தது. தாய்நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட இது பெரும் பாய்ச்சல். ஆனால் 1718இல் அக் குடியேற்றத்தின் சட்டசபை, குவேக்கர் செல்வாக்கு மிகுந்திருந்த அதே சபை, ஆங்கிலத் தண்டனைச் சட்டத்தை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஏன்? ஆணையிடாமல் உறுதிமொழி கூறும் உரிமையை அதற்குப் பதிலாகப் பெறுவதற்கு. தம் மனச்சாட்சியின் விடுதலைக்கு மற்றவர் கழுத்தை விலையாகக் கொடுத்தனர் என்று கூறினால் அது கடுமையான சொல்லே. பொய்யான சொல் அன்று.

நியூகேற்றில் ஒரு பெண்

எலிசபெத் பிரை என்ற பெயரைப் பாடப்புத்தகங்களில் நாம் கண்டிருக்கிறோம். நோரிச் நகரின் குர்னி என்னும் வங்கிக் குடும்பத்திற் பிறந்து, வணிகர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட குவேக்கர் மாது. 1813இல் முதன்முதல் நியூகேற் சிறையின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்தார். ஏறத்தாழ 300 பெண்கள், குழந்தைகளோடு, சில அறைகளில் அடைக்கப்பட்டுக் கிடந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் அங்கேயே. 1817இல் ஒரு பெண்கள் சங்கத்தை நிறுவி, குழந்தைகளுக்குப் பள்ளியும் பெண்களுக்குத் தையல் வேலையும் ஏற்படுத்தினார். நம் இலக்கியத்தில் மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய காதையைப் படித்தவர்க்கு இக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஆனால் மணிமேகலையின் வேண்டுகோளுக்குச் சோழ மன்னன் இணங்கினான். எலிசபெத் பிரை சந்தித்த அமைச்சரோ வேறு வகையினர்.

1797இல், பிரான்சுடன் நடந்த போரின் நெருக்கடியில், இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியது. ஒரு பவுண், இரண்டு பவுண் தாள்கள் ஏராளமாக அச்சாகின. அவை எளிதிற் போலி செய்யக்கூடியனவாய் இருந்தன. எழுத்தறியாத ஏழைகள் கையில் போலித் தாள் வந்து சேர்ந்தது. அறிந்தோ அறியாமலோ அதை மாற்றப் போனவர்கள் பிடிபட்டனர். 1821 வரையான காலத்தில் இக் குற்றத்துக்காக 300க்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். வங்கி தன் தாளைச் சிறப்பாக அச்சிடுவதை விட, வழக்குத் தொடுப்பதையே எளிதாகக் கண்டது.

ஹரியற் ஸ்கெல்ற்றன் என்ற வேலைக்காரப் பெண் அவ்வாறு பிடிபட்டவர்களுள் ஒருத்தி. தான் நேசித்தவனின் தூண்டுதலாற் போலித் தாளை மாற்றினாள். எலிசபெத் பிரை அவளுக்காக உள்நாட்டமைச்சர் சிட்மவுத் பிரபுவிடம் மன்றாடினார். இத்தகையோரின் இரக்கம் குற்றவாளிகளின் அச்சத்தைப் போக்கிவிடும் என்பது அமைச்சரின் கருத்து. அவர் இணங்கவில்லை. 1818 ஏப்ரலில் ஹரியற் தூக்கிலிடப்பட்டாள். அடுத்த ஆண்டு, சித்திரக்காரரான ஜோர்ஜ் குறூக்ஷாங்க், தூக்கிலே தொங்கும் உடல்களை வரைந்து, வங்கித் தாள் வடிவிலேயே ஒரு கேலிச் சித்திரத்தை வெளியிட்டார். அதைப் பார்க்கக் கடை வாசலிற் கூட்டம் அலைமோதியது.

வங்கிக் குடும்பத்துப் பெண், வங்கித் தாளுக்காகச் சாகப்போகும் வேலைக்காரியின் அருகே அமர்ந்திருந்தாள் என்பதை நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் வர்க்கத்தின் செல்வத்தைக் காக்கவே அக் கயிறு தொங்குகிறது என்பது அவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்ததோ, நாம் கூற இயலாது. ஆனால் அவர் எழுந்து போய்விடவில்லை.

இரக்கமும் இலாபமும்

இனி, சட்டம் எவ்வாறு மாறியது என்று காண்போம். 1811இல் றொமிலியின் முயற்சிகளுள் ஒன்று வெற்றி பெற்றது. துணி வெளுக்கும் களங்களிலிருந்து துணி திருடுவோருக்கான மரண தண்டனை நீங்கியது. அதற்காக விண்ணப்பித்தவர்கள் யார்? அக் களங்களின் உரிமையாளரே. தண்டனை மிகக் கடுமையாக இருந்தமையால் எவரும் சாட்சி சொல்ல வரவில்லை, யூரிமார் குற்றவாளி என்று தீர்க்கவில்லை, திருடன் தப்பினான். சொத்தைக் காப்பதற்கெனத் திரித்த கயிறு சொத்தைக் காக்கவில்லை.

1830இல் இதே கதை பெரிய அளவில் நிகழ்ந்தது. போலி ஆவணக் குற்றத்துக்கு மரண தண்டனை வேண்டாம் என்று, 200க்கு மேற்பட்ட நகரங்களைச் சேர்ந்த வங்கியாளர்கள் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். அதன் பின்னணியில் குவேக்கர் உழைப்பு இருந்தது. பொதுமக்கள் சபை இணங்கியது; பிரபுக்கள் சபை மறுத்தது. எனினும் 1829இன் கடைசி நாளில் தூக்கிலிடப்பட்டவனே அக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் உயிரிழந்த கடைசி மனிதன் ஆனான். 1832இல் ஆடு, குதிரை திருடியோருக்கும் போலி ஆவணம் செய்தோருட் பெரும்பாலோருக்கும் மரண தண்டனை நீங்கியது. 1837இல் போலி ஆவணக் குற்றம் முற்றாக விடுபட்டது. 1861இல் எஞ்சியவை நான்கு குற்றங்களே.

இரக்கம் இலாபத்தோடு கை கோத்த இடத்தில் சட்டம் முப்பது ஆண்டுகளில் மாறியது. இரக்கம் தனித்து நின்ற இடத்தில், அதாவது கொலைகாரனின் உயிரையும் பறிக்கலாகாது என்ற இடத்தில், மேலும் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனால் இரக்கம் பயனற்றது என்று முடிவு செய்தல் கூடாது. இலாபக் கணக்கு ஒரு நாளில் மாறும். அது மாறும் வரை அந்த வினாவை அணையாமற் காத்தவர்கள் வேண்டுமல்லவா? அப் பணியையே இச் சிறு சமயக் குழு செய்தது.

பிழைகளும் நிகழ்ந்தன. தூக்குக்குப் பதிலாகத் தனிமைச் சிறையை விதித்தால் குற்றவாளி மனந்திரும்புவான் என்று அமெரிக்கக் குவேக்கர் பலர் நம்பினர். 1829இல் பிலடெல்பியாவில் எழுந்த பெருஞ் சிறை அந் நம்பிக்கையின் வடிவம். 1842இல் அதைப் பார்த்த சாள்ஸ் டிக்கின்ஸ், உடலை வதைப்பதை விட மனத்தை வதைக்கும் கொடுமை பெரிது என்று கண்டித்தார்.

சமயத்தைச் சாராத அறிஞர் எல்லோரும் இந்த வினாவிற் சரியான பக்கத்தில் நின்றார்கள் என்றும் கொள்ளலாகாது. 1868இல், பொது இடத்தில் தூக்கிலிடுவதை நிறுத்தும் மசோதா வந்தபோது, குவேக்கரான சாள்ஸ் கில்பின் மரண தண்டனையையே ஒழித்துவிடலாம் என்று பிரேரித்தார். அதை எதிர்த்து வன்மையாகப் பேசியவர் சுதந்திரத்தின் தத்துவஞானி என்று நாம் போற்றும் ஜோன் ஸ்ருவாட் மில். தூக்குமேடை அழியவில்லை, சிறைச் சுவருக்குள்ளே போய் மறைந்துகொண்டது.

20ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஒரு குவேக்கர், றோய் கல்வேட், 1925இல் தோன்றிய ஒழிப்புத் தேசிய மன்றத்தின் செயலாளராக நின்று உழைத்து, 35 வயதளவில் மறைந்தார். 1948இல் பொதுமக்கள் சபை மரண தண்டனையை இடைநிறுத்த வாக்களித்தது. பிரபுக்கள் சபை 181க்கு 28 என்ற கணக்கில் அதனை நிராகரித்தது. 1956இலும் பிரபுக்கள் நிராகரித்தனர். ஆனால் இம் முறை ஒரு மாற்றம் தெரிந்தது: ஆயர்களிற் பெரும்பான்மையோர் ஒழிப்பின் பக்கம் நின்றனர். 1965இல் கொலைக்கான மரண தண்டனை நீங்கியபோது கன்ரபெரிப் பேராயர் றாம்சே அதனை ஆதரித்தார். ஐந்து ஷிலிங்குக்காக ஏழு கைகள் உயர்ந்த நாளிலிருந்து 155 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உரோமாபுரியின் வரலாறும் இதனையே கூறுகிறது. பெக்காரியாவின் நூல் 1766இல் தடை செய்யப்பட்ட நூற்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பாப்பரசர் தம் கையில் நாடு இருந்த 1870ஆம் ஆண்டு வரை மரண தண்டனையை நிறைவேற்றி வந்தார். 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் மரண தண்டனையை எவ்வகையிலும் ஏற்கவியலாதது என்று மறைக்கல்வி நூலைத் திருத்தினார். வேதாகமம் இடையில் மாறவில்லை. வாள் கையை விட்டுப் போயிருந்தது.

நம் வீட்டு வினா

தூக்குமரம் நமக்கு அயலார் கதையன்று. கொலைக்கு மரணம் என்று கூறும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் இயற்றியது. சுதந்திரத்தின் பின், 1958இல், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மரண தண்டனையை இடைநிறுத்தியது. இங்கிலாந்து அப்போதும் தூக்கிலிட்டுக்கொண்டிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1959 செப்ரெம்பரில் அதே பிரதமர் காவியுடை அணிந்த ஒருவரால் சுடப்பட்டார். மருத்துவமனையிலிருந்து அவர் விடுத்த செய்தியில், தன்னைச் சுட்டவன்மீது கருணை காட்டும்படியும் பழி வாங்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். மறுநாள் மறைந்தார். அவர் நிறுத்திவைத்த தண்டனை அவ்வாண்டே மீண்டது. 1962 ஜூலை 6ஆந் திகதி சோமாராம தூக்கிலிடப்பட்டார். இறந்தவரின் கடைசி வேண்டுகோள் இறந்தவரின் பெயராலேயே மீறப்பட்டது.

1976இன் பின் இந் நாட்டில் எவரும் நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கிலிடப்படவில்லை. ஆனால் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கவுமில்லை. 2019 ஜூனில் போதைப்பொருட் குற்றத்துக்காக நால்வரைத் தூக்கிலிடும் ஆணையிற் சனாதிபதி கையெழுத்திட்டார்; உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. கொல்லாமையை முதல் நெறியாகக் கொண்ட சமயங்கள் இத் தீவில் ஈராயிரம் ஆண்டுகளாக நிலவுகின்றன. அவற்றின் பெயராற் பேசுவோர் அந் நாட்களில் எப் பக்கம் நின்றனர் என்பதை மாணவர் தாமே தேடிப் பார்ப்பது பயனுள்ள பாடமாகும்.

அவ்வாறு தேடும்போது இங்கிலாந்தின் வரலாறு ஒரு வழியைக் காட்டுகிறது. ஒரு சமயம் கருணையைப் போதிக்கிறதா என்று கேட்பது போதாது. கருணையைப் போதியாத சமயம் ஏது? அது பேசும்போது எங்கே நின்று பேசுகிறது என்று கேட்க வேண்டும். பிரபுக்கள் சபையின் ஆசனத்திலிருந்தா, டேர்பிச் சிறையிலிருந்தா? அதே வினாவை, அதிகாரம் கைக்கு வரும் நாளில், முற்போக்காளரும் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பெல்லேர்ஸ் 1699இற் கூறியதை நாம் இன்னும் செய்து முடிக்கவில்லை: தூக்கிலிடப்படுபவன் பெரும்பாலும் ஏழை, அவனைக் குற்றத்துக்குத் தள்ளிய வறுமை தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவதில்லை.